காத்துப் பொட்டிக்குப் பின்னால்

பக்கத்துக் குப்பத்து மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு ஆர்கன் வாசிப்பார்கள். அந்த ஆர்கனுக்குக் காற்று அடித்துக் கொடுப்பது பல வருடமாக என் வேலையாக இருந்தது. வேலை என்றால் சம்பளத்துக்குச் செய்கிற வேலை இல்லை. போவேன், அடிப்பேன், வந்துவிடுவேன்.

அது குழல் வைத்த ஆர்கன். ஆள் உயரத்துக்கு மேல் ஒரு மர அலமாரி. அதன் முன்பக்கம் ஈயக் குழாய்களும் மரக் குழாய்களும் நெட்டுக்குத்தாக நிற்கும். அலமாரிக்கும் கோயில் சுவருக்கும் நடுவே ஒரு சந்து. ஒருக்களித்து நடந்தால்தான் உள்ளே போகமுடியும். அங்கே அடிபம்புக் கைப்பிடி போல ஒரு மரக்கட்டை நீட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் உள்ளே இருக்கும் தோல் துருத்தியில் காற்று நிறையும். முன்னால் உட்கார்ந்து வாசிக்கிறவர் எந்தக் கட்டையை அழுத்துகிறாரோ அந்தக் குழாய்க்குக் காற்று போகும், குழாய் பாடும். நான் ஆட்டுவதை நிறுத்தினால் பாட்டு தொண்டை அடைத்துக்கொண்டு இறங்கிவிடும்.

சந்தில் ஒரு சின்ன சன்னல் உண்டு. அதன் வழியாகப் பழவேற்காட்டு ஏரி தெரியும். கோயிலில் இருப்பவர்கள் யாருக்கும் நான் தெரியமாட்டேன். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

நான் அந்தக் கோயிலைச் சேர்ந்தவள் இல்லை. எங்கள் குப்பத்தில் கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் அம்மன்தான் எங்களுக்கு. ஆடி மாதம் கூழ் ஊற்றுவோம், தீ மிதிப்போம். இரண்டு குப்பத்துக்கும் நடுவே ஒரு கால்வாய் மாதிரித் தண்ணீர். நீர் வற்றினால் முழங்கால் அளவு, ஏறினால் படகு வேண்டும். அங்கிருந்து மணி அடித்தால் இங்கே கேட்கும், இங்கே உடுக்கை அடித்தால் அங்கே கேட்கும்.

சின்ன வயதிலிருந்தே எனக்கு வாய் திறக்க வராது. பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிடும்போது 'உள்ளேன் அம்மா' என்று எனக்காகப் பக்கத்தில் இருப்பவள்தான் சொல்வாள். பத்தாவது முடித்துவிட்டு இறால் ஏலத்துக்குப் போனபோது அங்கே இருந்த வியாபாரிகள் என்னை ஊமை என்றே நினைத்திருந்தார்கள். என்னிடம் விரலைக் காட்டித்தான் விலை பேசுவார்கள். நானும் விரலையே காட்டிவிட்டு வருவேன். கல்யாணமாகி இந்தக் குப்பத்துக்கு வந்த பிறகும் அதே கதைதான்.

ஆர்கனிடம் நான் போய்ச் சேர்ந்தது ஒரு ஜாக்கெட்டால். மாதா கோயில் குப்பத்தில் ஒரு டைலர் இருந்தார். சுற்று வட்டாரத்தில் அவர் ஒருவர்தான் கை இறுக்காமல் தைப்பார். கோயிலில் ஆர்கன் வாசிப்பவரும் அவர்தான். அவருடைய அப்பாவுக்கு அந்தக் கோயிலின் பழைய சாமியார் ஒருவர் சொல்லிக்கொடுத்து, அப்பா இவருக்குச் சொல்லிக்கொடுத்தது. டைலருக்கு வாய் ஓயாது. மிஷினை மிதித்துக்கொண்டே பேசுவார், கத்தரிக்கோலை வாயில் கவ்விக்கொண்டும் பேசுவார். அன்றைக்கு எனக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்த தன் மனைவியிடம் புலம்பிக்கொண்டிருந்தார்.

"பசங்கள காத்து அடிக்க வுட்டா பாதியில தூங்கிடறானுங்க. போன வாரம் 'ஆண்டவரே இரக்கமாயிரும்'னு வாசிச்சிக்கினு கீறேன், 'இரக்க'த்தோட நின்னுபோச்சு. எருமை கத்தனா மாதிரி ஒரு சத்தம். சாமியாரு என்னப் பாக்கறாரு. நான் பொட்டியப் பாக்கறேன்."

"பெரியவங்க யாரையாச்சும் கூப்புடேன்" என்றார் அவர் மனைவி.

"யாரு வருவா? காத்துப் பொட்டின்னாலே பயப்படறானுங்க."

எங்கள் பக்கத்தில் காத்து என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு. வலையைக் காய வைப்பதும் படகைத் தள்ளுவதும் ஒரு காத்து. கைக்குழந்தைக்குத் திடீரென்று ஜுரம் வந்தால், கன்னிப்பெண் பகலில் படுத்துக்கொண்டு எழுந்திருக்க மறுத்தால், "காத்து பட்டுடுச்சு" என்பார்களே, அது வேறு காத்து. மூடிய பெட்டிக்குள் காத்து புகுந்து மூச்சு விடுகிறது என்றால் அது எந்தக் காத்து என்று யாருக்குத் தெரியும். அதனால் அந்தக் கோயிலைச் சேர்ந்த வேதக்காரர்கள் வீட்டிலேயே மாசமாக இருக்கும் பெண்கள் ஆர்கன் இருக்கும் பக்கம் உட்காராமல் எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள். ஆண்பிள்ளைகள் பயம் என்று சொல்லமாட்டார்கள், தோள் வலி என்பார்கள். சாமியார் பிரசங்கத்தில் எத்தனை முறை சொல்லியும் அது போகவில்லை.

டைலர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீ வர்றியா தங்கச்சி? அங்க ஒன்ன யாரும் பாக்கமாட்டாங்க" என்றார்.

விளையாட்டுக்குத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். ஆனால் அந்தக் கடைசி வார்த்தை எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

வீட்டில் சொன்னபோது மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். என் கணவர் சிரித்தார். "இவளப் புடிச்சா காத்துக்குத்தாம்மா கஷ்டம். பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாம அதுவே ஓடிப்பூடும்" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

டைலர் பூசைக்கு முன்பே வந்துவிடுவார். சாமியார் பழவேற்காட்டிலிருந்து வந்து சேரும்வரை அவர் முன்பக்கம், நான் பின்பக்கம். நடுவில் பலகை. அந்தப் பலகை வழியாகத்தான் அவர் எனக்கு ஆர்கனின் கதையைச் சொன்னார். ஒரே கதையை ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாற்றிச் சொல்வார். எனக்கு முகம் பார்த்து 'ம்' கொட்ட வேண்டிய கட்டாயம் இல்லாததால் எல்லாம் நன்றாகக் கேட்டது. சன்னலில் ஏரி வெளுத்துக்கொண்டு வரும். தூரத்தில் பூநாரைகள் இளஞ்சிவப்பாக ஒரு கோடு போட்டதுபோல் நிற்கும். மரத்துக்குள்ளிருந்து குரல் வரும். இப்போது நினைத்தால் அவர் சொன்னதா, நான் கண்டதா, எது எது என்று பிரிக்கத் தெரியவில்லை.

இந்த ஆர்கனுக்கு முன்னால் அங்கே வேறொரு ஆர்கன் இருந்ததாம். அது வெள்ளைக்காரர் காலத்தில் கால்வாய் வழியாகப் படகில் வந்தது. ஒரு புயலில் கோயில் கூரை போய், பெட்டி உடைந்து, குழாய்கள் சேற்றில் சிதறிக் கிடந்தன. அப்போதிருந்த சாமியார் வேறு நாட்டுக்காரர், தமிழ் கொஞ்சம்தான் வரும். குப்பத்து ஆட்களைக் கூப்பிட்டு, "இதெல்லாம் ஈயம். வீட்டுக்குக் கொஞ்சமாக எடுத்துப்போய்ப் பத்திரமாக வையுங்கள். கோயில் கட்டியதும் கேட்பேன்" என்றாராம்.

கோயில் கட்டி முடித்ததும் கேட்டார். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆள் ஆளுக்கு ஒரு வீச்சு வலையைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் முன்னால் போட்டார்கள். வலையின் விளிம்பு முழுக்க புதிதாக வார்த்த ஈயக் குண்டுகள்.

"கொழாயி எங்கேன்னு கேக்கறாரு சாமியாரு. எங்க தாத்தா சொல்றாரு, 'பத்திரமாத்தான் சாமி கீது, ஒரு குண்டு கூட கொறையல, வேணும்னா நிறுத்துப் பாரு'ன்னு." பலகைக்கு அந்தப் பக்கம் டைலர் சிரிப்பது கட்டைகள் வழியாக என் உள்ளங்கைக்கு வந்து சேரும். "ஈயத்த பத்திரமா வைன்னா வலைக்காரன் எங்க வெப்பான் தங்கச்சி? பொட்டியிலயா வெப்பான்?"

சாமியார் என்ன செய்தார் என்று கேட்க எனக்கு ஆசை. கேட்கவில்லை. அவரே இன்னொரு வாரம் சொன்னார். சாமியார் தரையில் உட்கார்ந்து ஒரு வலையை மடியில் போட்டுக்கொண்டு அந்தக் குண்டுகளை ஜெபமாலை மாதிரி விரலால் உருட்டிக்கொண்டே இருந்தாராம். பிறகு எழுந்து வலைகளுக்கெல்லாம் தீர்த்தம் தெளித்து அனுப்பிவிட்டாராம். அந்த வலைகளில் மடவை மீன் அதிகம் விழுந்தது என்று சொல்பவர்களும் உண்டு. வலை கிழியும், குண்டு வேறு வலைக்குப் போகும், சில குண்டுகள் அறுந்து தண்ணீரில் விழும். ஏரியின் அடியில் அந்த முதல் ஆர்கன் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடக்கிறது என்று எனக்குத் தோன்றும். கோடைக்காலத்தில் தண்ணீருக்குள் காலால் துழாவி இறால் பிடிக்கும்போது விரலில் ஏதாவது உருண்டையாகத் தட்டுப்பட்டால் ஒரு நிமிடம் நின்றுவிடுவேன். பெரும்பாலும் அது கிளிஞ்சலாகத்தான் இருக்கும்.

இரண்டாவது ஆர்கன்தான் நான் அடித்தது. மெட்ராஸில் ஒரு பெரிய கோயிலில் புதிது வாங்கியபோது அவர்கள் கழித்துவிட்ட சின்ன ஆர்கன். லாரியில் பழவேற்காடு வரை வந்தது. அப்போது பாலம் இல்லை. இரண்டு படகைப் பக்கம் பக்கமாகக் கட்டி, மேலே பலகை போட்டு, அதன்மேல் ஆர்கனை நிற்க வைத்து, டைலரின் அப்பாவும் இன்னும் சிலரும் கழி ஊன்றி வந்தார்களாம். படுக்க வைக்க யாருக்கும் மனம் வரவில்லை. நடு ஏரியில் கொண்டல் காற்று எழுந்து, மூடாமல் இருந்த குழாய்களின் வாயில் பட்டு, யாரும் தொடாமலே அது மெதுவாக முனக ஆரம்பித்தது. கழி ஊன்றியவர்கள் ஊன்றுவதை நிறுத்திவிட்டார்கள். கரையில் காத்திருந்தவர்களுக்கு முதலில் சத்தம் வந்தது, அப்புறம்தான் படகு வந்தது. காத்துப் பொட்டி என்ற பேர் அன்றைக்கே வந்துவிட்டது.

வந்ததும் குப்பத்து ஆட்கள் தங்களுக்குத் தெரிந்த பக்குவத்தைச் செய்தார்கள். உப்புக் காற்றில் மரம் கெடாமல் இருக்க நாங்கள் படகுக்கு மீன் எண்ணெய் பூசுவோம். ஆர்கனுக்கும் பூசிவிட்டார்கள். வெளியே மட்டும் இல்லை, மரக் குழாய்களுக்கு உள்ளேயும் துணி சுற்றிய குச்சியை விட்டு நன்றாகப் பூசியிருக்கிறார்கள். அன்று முதல் ஆர்கன் வாசித்தால் பாட்டோடு மீன் எண்ணெய் வாசமும் வரும். நான் போகத் தொடங்கிய காலத்திலும் அது போகவில்லை. பூசை ஆரம்பித்து முதல் பாட்டு எடுத்ததும் குப்பத்துப் பூனைகள் ஒவ்வொன்றாகக் கோயிலுக்குள் வந்து ஆர்கன் முன்னால் உட்கார்ந்துகொள்ளும். யாரும் விரட்டமாட்டார்கள். பூசை முடிந்ததும் அவையும் எழுந்து போய்விடும். ஒரு முறை வெளியூர் சாமியார் ஒருவர் வந்து, இந்த ஊர்ப் பூனைகளுக்குள்ள பக்தியைப் பாருங்கள் என்று பிரசங்கம் செய்தார். டைலர் பலகையை நகத்தால் சுரண்டினார். சிரிக்காதே என்று எனக்குச் சொல்வதாக அர்த்தம்.

எங்களுக்குள் பாஷை தட்டுவதுதான். ஒரு தட்டு தட்டினால் ஆரம்பி. இரண்டு தட்டினால் போதும். வாசிக்கும் இடத்தில் இழுத்து விடுவதற்கு வரிசையாகச் சில குமிழ்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு வகைக் குழாய். அவற்றில் எழுதியிருந்த பேரெல்லாம் உப்பில் அழிந்துபோய்விட்டதால் டைலர் குரலைப் பார்த்து ஏரிப் பறவை, மீன் பேராக வைத்திருந்தார். தடித்த குரல் கூழைக்கடா. மூக்கால் பேசுவது பூநாரை. இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் சன்னமாக வருவது மடவைக் குஞ்சு. "இன்னைக்கு திருநாளு தங்கச்சி, கூழக்கடாவும் வருது, நல்லா அடி" என்பார். கூழைக்கடா வந்தால் துருத்தி சீக்கிரம் காலியாகும். கை கொஞ்சம் ஓடவேண்டும்.

துருத்தியில் எவ்வளவு காற்று இருக்கிறது என்று பார்க்க என் கண்ணுக்கு நேரே ஒரு நூலில் ஈயக் குண்டு தொங்கும். காற்று நிறைந்தால் குண்டு இறங்கும், குறைந்தால் ஏறும். அதைப் பார்த்துக்கொண்டே ஆட்டுவேன். கொஞ்ச நேரத்தில் என் மூச்சும் அதே கணக்கில் போகத் தொடங்கிவிடும். பாட்டு முழுதாக எனக்குக் கேட்காது. கட்டைகள் மோதுவது, கம்பிகள் இழுபடுவது, தோல் மடிவது, இதெல்லாம்தான் கிட்டத்தில் கேட்கும். அதற்கு அப்பால் எங்கேயோ பாட்டு போய்க்கொண்டிருக்கும், சுவருக்கு அந்தப் பக்கம் மழை பெய்வது போல. சன்னலில் ஒரு படகு பாய் விரித்து மெதுவாக ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போகும். அது போய் முடிவதற்குள் ஒரு பாட்டு முடிந்துவிடும். வீடு, உலை, ஏலம், மாமியாரின் மருந்து எதுவும் அங்கே என்னோடு வராது. நான் தூங்கவும் இல்லை, விழித்திருக்கவும் இல்லை. அப்படி ஒரு நேரம் எனக்கு வேறு எங்கேயும் கிடைத்ததில்லை. எங்கள் அம்மன் கோயிலில் கூட நாலு பேர் நடுவில் நிற்கவேண்டும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் என் வலது தோள் பிடித்துக்கொண்டது. கை காதுக்கு மேல் எழவில்லை. நான் யாரிடமும் சொல்லவில்லை. டைலரின் மனைவிதான் கண்டுபிடித்தார். நான் அவரை அண்ணி என்பேன்.

"இன்னாடி, ஜடை ஒரு பக்கமா போவுது? கோணி தச்சா மாதிரி கீது" என்றார். கையைத் தூக்கச் சொன்னார். தூக்கமுடியவில்லை. அவ்வளவுதான், அண்ணி டைலரிடம் சொன்னார், டைலர் சாமியாரிடம் சொன்னார், சாமியார் பூசையிலேயே சொல்லிவிட்டார். பின்னால் நின்று இத்தனை வருடம் உழைத்த சகோதரியின் கையை நாம் நினைக்கவில்லையே என்றார். பலகைக்குப் பின்னால் நான் சன்னலோடு ஒட்டிக்கொண்டேன்.

அப்புறம் எல்லாம் தானாக நடந்தது. துபாயில் வேலை செய்யும் குப்பத்து ஆள் ஒருவர், ஆர்கனுக்குக் காற்று கொடுக்கும் கரண்டு மோட்டார் வாங்கித் தருவதாகச் சொன்னார். என் கணவர் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஒப்பந்த ஆளாக வயரிங் வேலைக்குப் போகிறவர். "கோயிலுக்கு லைன் நானே இழுத்துத் தரேன்" என்று அவரே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். வந்ததிலிருந்து அவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஒரு சுவிட்சு போட்டா போதும். நீ கைய வச்சிக்கினு சும்மா குந்தலாம். இன்னா சொல்ற?" என்றார்.

"ம்" என்றேன்.

அவர் எனக்காகத்தான் செய்கிறார். அண்ணியும் டைலரும் சாமியாரும், எங்கேயோ இருக்கும் அந்தத் துபாய்க்காரரும் எனக்காகத்தான் செய்கிறார்கள். அத்தனை பேரிடமும் போய் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது. வேண்டாம் என்றும் இல்லை, தோள் உண்மையாகவே வலித்தது. என் பயம் வேறு. காற்று அடிக்க ஆள் வேண்டும் என்பதால் அந்தக் கோயிலுக்குள் எனக்கு ஒரு சந்து இருந்தது. அது போய்விட்டால் நான் அங்கே எதற்காகப் போவது? முன்னால் இருப்பவர்கள் எல்லாரும் அந்தக் கோயில்காரர்கள். எப்போது எழுந்திருப்பது, எப்போது முழங்காலில் நிற்பது, எதற்கு என்ன பதில் சொல்வது எல்லாம் அவர்களுக்குத் தெரியும். எனக்கு ஒரு தட்டும் இரண்டு தட்டும்தான் தெரியும். வரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்காது.

கணவர் வயரை அளந்து வெட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றேன்.

"இன்னா?" என்றார்.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா அந்த டேப்ப எடு."

எடுத்துக் கொடுத்தேன்.

நான் கையால் அடித்த கடைசி ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லாரும் வெளியே போய்க்கொண்டிருந்தார்கள். டைலர் மூடியைச் சாத்தும் சத்தம் கேட்டது. எப்போதும் அவர்தான் தட்டுவார். அன்றைக்கு நான் என் பக்கத்திலிருந்து பலகையைத் தட்டினேன். ஒரு தட்டு.

அந்தப் பக்கம் சாத்திய மூடி மறுபடி திறந்தது. பிறகு, "இன்னா தங்கச்சி?" என்றார். அவர் குரல் அவ்வளவு மெதுவாக வந்து நான் கேட்டதில்லை.

சொல்லவேண்டியது நாக்கு வரை வந்தது. சன்னலில் ஒரு கூழைக்கடா தண்ணீரில் இறங்கி, அலையைக் கிழித்துக்கொண்டு போய் நின்றது.

"ஒண்ணுமில்ல அண்ணே" என்றேன்.

"கை வலிக்குதா? இனிமே வலிக்காது, வுடு" என்றார்.

அடுத்த ஞாயிறு மோட்டார் வந்துவிட்டது. என் கணவர் விடிந்ததும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். நானும் போனேன். முழங்கால் தண்ணீரில் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் பின்னால் நடந்தேன். சந்துக்குள் எட்டிப் பார்த்தால் நான் நிற்கும் இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி. அதிலிருந்து யானைத் துதிக்கை மாதிரி ஒரு குழாய் துருத்திக்குப் போனது. மரக்கட்டையைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்கள். கணவர் உள்ளே புகுந்து சுவிட்ச் பக்கத்தில் நின்றுகொண்டார். எனக்கு அங்கே கால் வைக்க இடம் இல்லை.

வெளியே வந்து வாசலில் செருப்புகள் கிடக்கும் இடத்தில் நின்றேன். ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். என்னைத் தாண்டி உள்ளே போனார்கள். கரண்டு போய்விட்டால் என்று ஒரு நினைப்பு வந்தது. எங்கள் பக்கம் போகாத நாள் இல்லை. போனால் என்னைக் கூப்பிட்டுத்தானே ஆகவேண்டும். உள்ளே பல்பு எரிவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கென்று அது கண் கூடச் சிமிட்டவில்லை.

அண்ணி கடைசியாக வந்தார். சுருட்டிய பாய் கையிடுக்கில் இருந்தது.

"இங்க இன்னாத்துக்கு செருப்புக்கு காவல் நிக்கிற? எல்லாம் அறுந்த செருப்பு, எவன் எடுத்துப்பூடப் போறான்" என்றார். நான் பதில் சொல்வதற்குள் இடது கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார். வலது கை வலிக்கும் என்று அவருக்கு நினைவிருந்தது. பெண்கள் பக்கத்தில், ஆர்கனுக்கு நேராகப் பாயை விரித்தார். உட்கார்ந்தேன். முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "காத்து அடிக்கிற பொண்ணுடி" என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னாள். அவள் என்னைப் பார்த்துத் தலையை அசைத்துவிட்டு முன்னால் திரும்பிக்கொண்டாள். அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை.

டைலரின் முதுகு தெரிந்தது. சட்டையில் தோள்பட்டைத் தையல் விட்டிருந்தது. ஊருக்கெல்லாம் தைக்கிறவர். அண்ணி என் பார்வையைப் பார்த்து, "வாய்தான் தைக்கும்" என்று காதோடு சொன்னார்.

ஆர்கன் ஆரம்பித்தது. இத்தனை வருடத்தில் நான் அதை முன்பக்கம் இருந்து கேட்டதே இல்லை. படகு ஓரத்தில் குனிந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தவள் கரை ஏறித் திரும்பிப் பார்த்தால் மொத்த ஏரியும் கிடக்குமே, அப்படி இருந்தது. கட்டைச் சத்தம் இல்லை, கம்பிச் சத்தம் இல்லை. கூழைக்கடா தரைக்குள்ளிருந்து வந்து பாய் வழியாகக் காலில் ஏறியது. மடவைக் குஞ்சு கூரையில் எங்கேயோ மினுங்கியது. பூநாரை இவ்வளவு சோகமான குரல் என்று எனக்குத் தெரியாது. இதையா நான் அடித்துக்கொண்டிருந்தேன் என்று நினைத்தேன். மீன் எண்ணெய் வாசம் வந்தது. பூனைகள் வந்தன. ஒன்று என் புடவை ஓரத்தில் உட்கார்ந்துகொண்டது.

எல்லாரும் எழுந்தபோது நான் கொஞ்சம் தாமதமாக எழுந்தேன். முழங்காலிட்டபோது தாமதமாக முழங்காலிட்டேன். நன்மை அப்பம் வாங்க வரிசை போனபோது என் இடத்திலேயே இருந்தேன். எதிர்ப்பக்கம் எப்போதும் போல மாசமாக இருக்கும் பெண்கள் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். மோட்டார் வந்தாலும் காத்து காத்துதானே.

பூசை முடிந்து வாசலில் என் கணவரைச் சுற்றிக் கூட்டம். சாமியார் அவர் தோளைத் தட்டினார். டைலர் கூட்டத்தைத் தாண்டி என்னிடம் வந்தார். பகல் வெளிச்சத்தில் எதிரெதிரே நின்றோம், நடுவில் பலகை இல்லை.

"முன்னால எப்டி கேட்டுச்சு?" என்றார்.

"நல்லா இருந்துச்சு அண்ணே."

அவர் இன்னும் ஏதோ எதிர்பார்த்து நின்றார். பிறகு வேறு யாரோ கூப்பிடவே போய்விட்டார். அண்ணி பாயை உதறிச் சுருட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு மட்டும் கேட்கும்படி நான் கேட்டேன்.

"அண்ணி, அடுத்த வாரமும் நான் வரலாமா?"

அவர் சுருட்டுவதை நிறுத்தவில்லை. "இன்னாடி கேள்வி இது? வந்தா வரும்போது ஒரு பாய் எடுத்துக்கினு வா. என் பாய்ல முக்காவாசி நீ குந்திக்கினே. பாதி பூசைக்கு நான் தரையில கீறேன், சில்லுனு ஏறுது" என்றார்.

"சரி அண்ணி" என்றேன்.

திங்கட்கிழமை மாமியாருக்கு மருந்து வாங்கப் பழவேற்காடு போனவள் கடைத்தெருவில் பாய்க் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒருவர் படுக்கும் பாயை எடுத்துப் போட்டார். அது குறுகலாக இருந்தது. இரண்டு விரலைக் காட்டினேன், அவருக்குப் புரியவில்லை.

"ரெண்டு பேரு உக்காரணும்" என்றேன்.

அகலமான கோரைப் பாயாக ஒன்று எடுத்துக் கொடுத்தார்.